சேறும் சாம்பலும்: எண்ணூர்க் கழியின் மண்ணை எப்படி விவரிப்பது?

1. கேள்வி

நீர் வற்றியிருந்த ஒரு காலையில் எண்ணூர்க் காட்டுக்குப்பத்தின் அருகே கழிக்குள் இறங்கி இரண்டு பிடி மண் எடுத்தேன். முதல் பிடி மேலாக அள்ளியது. வெளிர்சாம்பல் நிறம், விரலிடுக்கில் தேய்த்தால் நனைந்த மைதா மாவைப்போல வழுக்கியது. உள்ளங்கையில் வைத்து அழுத்தியதும் நீர் கசிந்து ஓடியது. மண் ஆய்வாளர்கள் களத்தில் செய்வதுபோலத் திரியாக உருட்டிப் பார்த்தேன். இரண்டு உருட்டில் உதிர்ந்துவிட்டது. இரண்டாவது பிடிக்கு முழங்கை ஆழம் தோண்ட வேண்டியிருந்தது. அது கறுப்பு. அழுகிய முட்டையின் வாடை. விளக்குத்திரி அளவுக்கு மெல்லியதாக உருண்டு, வளைத்தபோதும் ஒடியாமல் நின்றது. கரையில் காயவைத்த முதல் பிடி சற்று நேரத்தில் வெளுத்துக் காற்றோடு போனது. இரண்டாவது பிடியின் கறை நகக்கண்ணில் ஏறி இரண்டு நாள் போகவில்லை.

ஒரே இடத்தில், ஒரு முழ ஆழத்துக்குள் இருக்கும் இந்த இரண்டில் எது எண்ணூரின் மண்? கேள்வி எளிதாகத் தோன்றலாம். ஆனால் கழியை யார் மாசுபடுத்தினார்கள், எவ்வளவு, எதை அள்ளி எடுக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்கிற வழக்குகளும் திட்டங்களும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கின்றன. வடசென்னையின் கடற்கரை மண்ணை நாம் இதுவரை உழவின் அளவுகோலைக் கொண்டே அளந்துவந்திருக்கிறோம். அந்த அளவுகோலில் அது தேறவில்லை. தேறாத மண்ணின் மேல் எதைக் கொட்டினாலும் இழப்பில்லை என்ற முடிவுக்கு அதுவே வழி திறந்தது என்பது என் வாதம்.

சொல் பற்றி ஒரு குறிப்பு. கரையில் வாழும் மீனவர்கள் இந்த நீர்ப்பரப்பை ஆறு என்றே சொல்கிறார்கள். கடல் ஏறி இறங்கும் உவர்நீர்ப் பரப்புக்குத் தமிழில் கழி என்ற பழஞ்சொல் இருப்பதால் இங்கே அதையே கையாள்கிறேன்.

2. இதுவரை சொல்லப்பட்டவை

பள்ளிப் பாடநூல்கள் தமிழ்நாட்டு மண்ணைச் செம்மண், கரிசல், வண்டல், சரளை, உவர்மண் என்று வகுக்கின்றன. வடசென்னைக் கடற்கரை இதில் உவர்மண்ணிலோ கடலோர வண்டலிலோ அடங்கிவிடும். அடுத்த வரியில் ‘வேளாண்மைக்கு ஏற்றதல்ல’ என்ற மதிப்பீடு வரும். அத்துடன் பாடம் முடிந்துவிடும்.

அறிவியல் வகைப்பாடும் வெகுதூரம் போவதில்லை. இந்திய மண் வரைபடங்கள் பின்பற்றும் அமெரிக்க முறைப்படி கடலோர மணல் ‘என்டிசால்’ என்ற பெரும்பிரிவைச் சேரும். அடுக்குகள் உருவாகாத இளம் மண் என்பது அதன் பொருள். விவரிப்பாக இது சரியானதே. ஆனால் எண்ணூரில் முக்கியமானவை எல்லாம் அந்த ‘இளமை’ என்ற ஒரு சொல்லுக்குள் மறைந்துபோகின்றன.

வருவாய்த்துறையின் பார்வை வேறு. தீர்வை தராத நிலம் புறம்போக்கு. கழியின் சேற்றுப்பரப்பும் உப்பங்கழிக் கரையும் அந்தக் கணக்கில்தான் விழுந்தன. 2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா பாடி வெளிவந்த ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ இந்தக் கழியிலேயே படமாக்கப்பட்டது; வசைச்சொல்லாகிப்போன ஒரு நிலவகையை அது மறுபடியும் பொதுப்பேச்சுக்குக் கொண்டுவந்தது. அந்தச் சொல்லின் சமூக வரலாறு ஓரளவு பேசப்பட்டாயிற்று. அதன் அடியில் கிடக்கும் மண்ணைப் பற்றிய பேச்சு இன்னும் தொடங்கவில்லை.

இவற்றுக்கு வெளியே நெய்தல் என்ற பகுப்பு நம்மிடம் இருக்கிறது. கடலும் கடல் சார்ந்த இடமும் என்று அதைச் சுருக்கிப் படித்துவிட்டோம். மணல்மேடு, கானல், கழி, அடம்பங்கொடி, உப்புப்பாத்தி என்று நிலத்தைத் துண்டுதுண்டாகப் பார்த்துப் பெயரிட்ட கண் அதில் உண்டு. விளைச்சலைக் கொண்டு தரம் பிரிக்காமல், அங்கே என்ன இருக்கிறது, யார் என்ன செய்கிறார்கள் என்பதைக் கொண்டு நிலத்தை அடையாளம் கண்ட முறை அது. பழம்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. மண் விவரிப்புக்கு அது இன்றும் உதவும் ஓர் ஒழுங்கு என்பதால் சொல்கிறேன்.

3. நில அமைப்பு: மணல்மேடும் பள்ளமும்

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரைக்கும், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி, பழவேற்காடு வரைக்கும் நிலம் ஏறத்தாழ ஒரே வரைவில் அமைந்தது. கடலுக்கு இணையாக மணல்மேடுகள். அவற்றுக்கு இடையிலும் பின்னாலும் தாழ்ந்த களிப்பள்ளங்கள். கடல் மட்டம் ஏறி இறங்கிய காலங்களில் அலை ஒதுக்கிய மணலே மேடுகளாக நின்றது. கொசஸ்தலையாறு கொண்டுவந்த நுண்களி பள்ளங்களில் படிந்தது. 1806-இல் பேசில் காக்ரேன் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய், பின்னாளில் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது. இந்தப் பள்ளத்தின் வழியாகவே அது ஓடுகிறது. வெட்டுவதற்கு எளிய வழியை மண்ணே காட்டிக்கொடுத்திருந்தது.

மேட்டு மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். கையில் அள்ளினால் இல்மனைட்டும் மேக்னடைட்டும் சேர்ந்த கறுப்பு வரிகளும், கார்னெட்டின் செம்மையும் தெரியும். மணலில் சத்து இல்லை, ஈரமும் நிற்காது என்பது உழவனின் குறை. ஆனால் அந்த நிற்காமைதான் மழையை ஒரு சொட்டு விடாமல் உள்ளே இறக்குகிறது. இறங்கிய நன்னீர், அடியிலுள்ள உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் அதன் மேல் மிதந்து ஒரு வில்லையைப்போலத் தங்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கலாம் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படைக் கணக்கு. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். ராயபுரத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் ஏழுகிணறு, 1772-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் குடிநீர் கொடுப்பதற்காக அமைக்கப்பட்டது. கடலுக்கு அவ்வளவு அருகில் ஒரு கோட்டைக்குத் தண்ணீர் ஊற்றெடுத்தது இந்தப் ‘பயனற்ற’ மணலில்தான்.

அந்த வில்லை உடைந்த கதையும் இதே வட்டாரத்தில்தான் நடந்தது. மீஞ்சூர்ப் பகுதியில் நகரத்துக்காகவும் ஆலைகளுக்காகவும் உழவுக்காகவும் நிலத்தடி நீரை அளவுமீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்தது. 1960-களிலேயே கண்டறியப்பட்ட இந்த ஊடுருவல், பின்னர் கரையிலிருந்து 10 கிலோமீட்டரைத் தாண்டியது. 2010-இல் அதே மீஞ்சூரின் பெயரால், காட்டுப்பள்ளிக் கரையில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை திறக்கப்பட்டது. மணல் இலவசமாகச் செய்துவந்த வேலையை மின்சாரம் செலவழித்துச் செய்கிறோம்.

மணலின் இன்னொரு பண்பு நகர்வது. இந்தக் கடற்கரையில் ஆண்டின் மொத்தக் கணக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் கல்கரங்கள் கடலுக்குள் நீண்டபோது அந்த ஓட்டம் மறிக்கப்பட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரைகளைக் கடல் தின்றது. ஆற்றின் வழியாக வரும் மணலும் குறைந்தது. 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் கொசஸ்தலையாற்றின் குறுக்கே நிற்கிறது. இன்று திருவொற்றியூர்–எண்ணூர் சாலையோரம் நின்று பார்த்தால் மணலுக்குப் பதில் கருங்கற்குவியல்தான் தெரியும். அங்கே மண்வகையைக் குறிக்கச் சொன்னால், கல் என்றுதான் எழுத வேண்டும்.

4. பருவம்

சென்னையின் ஆண்டு மழை சராசரி சுமார் 1,400 மில்லிமீட்டர். இதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடும். ஜனவரியிலிருந்து ஜூன் வரை வானம் ஏறத்தாழ வறண்டே கிடக்கும். மே மாதத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். இந்தச் சமமின்மைதான் கழிமண்ணின் ஆண்டுச் சுழற்சி. ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றுவெள்ளம் உப்பைக் கழுவி, புது வண்டலைப் பரப்பி, முகத்துவாரத்தின் மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலில் சேரும். கோடையில் நீராவியாதல் மேலோங்கி, அடியிலிருந்து உப்பு நுண்துளைகள் வழியே மேலேறிப் பொருக்காகப் பூக்கும். அந்தப் பொருக்கை நம்பித்தான் அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கத்து உப்பளங்கள் இருந்தன. ஓதம் இங்கே பெரிதாக ஏறுவதில்லை. பெருக்கத்திலும் ஒரு மீட்டரைச் சுற்றியே இருக்கும். ஆகவே சில அங்குல மேடு பள்ளமே, ஓரிடம் நாளுக்கு இருமுறை நனையுமா, மாதத்துக்கு இருமுறை நனையுமா என்பதை முடிவுசெய்கிறது. நாளும் நனையும் இடத்தில் கண்டல். எப்போதாவது நனையும் இடத்தில் உமரி. நனையாத மணலில் அடம்பும் ராவணன்மீசையும். கால்முழ உயரத்துக்குள் நிலமே மாறிவிடும். அங்கே சாம்பல் ஒரு சாண் படிந்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

5. கழிச்சேறு

ஆற்றுநீரில் மிதந்துவரும் களித்துகள்கள் நுண்ணியவை. நன்னீரில் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கும். உப்புநீரைச் சந்தித்ததும் அந்த விலக்கம் தளர்ந்து, திரண்டு, கனத்து அடியில் இறங்கும். கழிமுகங்களில் சேறு சேர்வதன் காரணம் இதுதான். அதோடு இலைச்சருகும் பாசியும் மீன்கழிவும் படிகின்றன. மேலே சில மில்லிமீட்டர் வரைதான் காற்று எட்டும். அதற்குக் கீழே வாழும் நுண்ணுயிரிகள் கடல்நீரிலுள்ள சல்ஃபேட்டைக் கொண்டு உயிர்ப்பொருளைச் சிதைக்கின்றன. அதில் வெளிப்படும் சல்ஃபைடு இரும்போடு சேர்ந்து சேற்றைக் கறுப்பாக்குகிறது. மிச்சம் அந்த முட்டை வாடையாக வருகிறது. வாடையைக் கேட்டதும் சாக்கடை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நலமான கழிச்சேற்றின் வாடையே அதுதான்.

இந்த வேதிவினைக்கு இன்னொரு முகம் இருக்கிறது. ஈயம், காட்மியம், பாதரசம் போன்ற உலோகங்கள் சல்ஃபைடோடு சேர்ந்து கரையாப் பொருளாகிச் சேற்றுக்குள் பூட்டப்படுகின்றன. மணலியிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் பல பத்தாண்டுகளாகக் கால்வாய் வழியே வந்த ஆலைக்கழிவுகளில் ஒரு பகுதியை இந்தச் சேறு தன் வயிற்றில் அடக்கி வைத்திருக்கக்கூடும். அதே சேற்றை வாரி வெளியே போட்டுக் காயவிட்டால், சல்ஃபைடு காற்றோடு வினைபுரிந்து கந்தக அமிலமாகும், பூட்டு திறந்துகொள்ளும். கேரளத்துக் குட்டநாட்டின் ‘கரி’ நிலங்களில் இந்த அமிலத்தன்மை உழவர்களுக்குப் பழகிய தொல்லை. எண்ணூர்ச் சேற்றில் கிளிஞ்சல் கலந்திருக்கும் இடங்களில் அந்தச் சுண்ணாம்பு அமிலத்தை ஓரளவு தணிக்கும். எந்த இடத்தில் எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும்.

சேற்றின் வேலை இன்னும் முடியவில்லை. கடலில் பொரிக்கும் இறால் குஞ்சுகள் கழிக்குள் வந்து, பகலில் சேற்றுக்குள் புதைந்து, இரவில் மேய்ந்து வளர்கின்றன. சேறு மென்மையாகவும் உணவு நிறைந்ததாகவும் இருந்தால்தான் இது நடக்கும். இருளர் மக்கள் நீருக்குள் அமர்ந்தபடி நகர்ந்து, கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். வலை இல்லை, வாயில் கவ்விய பறி ஒன்று, பத்து விரல்கள். எந்தச் சேற்றில் இறால் தங்கும், எதில் தங்காது என்பதை விரல்நுனியால் அறிந்தவர்கள் அவர்கள். மண்ணின் நயம் என்று அறிவியல் எதைச் சொல்கிறதோ அதை அவர்கள் நாள்தோறும் அளக்கிறார்கள். மண் ஆய்வு அறிக்கைகளில் அவர்களுடைய அறிவுக்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படாதது பெருங்குறை.

உவர்ப்பு, வடியாமை, காற்றோட்டமின்மை, பளு தாங்காமை என்று இந்தச் சேற்றுக்கு எதிராக எழுதப்படும் குற்றப்பட்டியலை மறுபடி படித்தால், கழியை உயிரோடு வைத்திருக்கும் பண்புகளின் பட்டியலாகவே அது தெரிகிறது. சேறு வடிந்துவிட்டால் இறாலுக்கு இடமில்லை. காற்று புகுந்துவிட்டால் உலோகப் பூட்டு நில்லாது.

6. சாம்பல்

எண்ணூர் அனல் மின்நிலையம் 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின்நிலையத்தின் 630 மெகாவாட் முதல் கட்டம் 1990-களிலும், 1,200 மெகாவாட் இரண்டாம் கட்டம் 2010-களிலும் வந்தன. வல்லூரில் மத்திய அரசும் மாநில அரசும் கூட்டாக நடத்தும் 1,500 மெகாவாட் நிலையம் இருக்கிறது. இவற்றுக்கான நிலக்கரியின் பெரும்பகுதி ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களிலிருந்து பாரதீப் வழியாகக் கப்பலில் வருகிறது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம், திறக்கப்பட்டதே முதன்மையாக இந்த நிலக்கரிக்காகத்தான்.

இந்திய நிலக்கரியில் பொதுவாக 30 முதல் 45 விழுக்காடு சாம்பல். காரணம் புவியியல் சார்ந்தது. 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கோண்டுவானாச் சதுப்புகளில் மரமும் இலையும் படிந்தபோது அவற்றோடு ஆற்றுக்களியும் ஏராளமாகக் கலந்தது. உலையில் கரி எரிந்துபோக, அந்தப் பழங்களி உருகிக் கண்ணாடி உருண்டைகளாகிறது. ஆகவே எண்ணூரில் கொட்டப்படும் சாம்பலும் ஒரு காலத்தில் ஒரு சதுப்பின் சேறாக இருந்ததுதான். இந்தச் செய்தி என்னை வெகுநாள் அலைக்கழித்தது.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 630 மெகாவாட் நிலையம் முழுத்திறனில் ஒரு நாள் ஓடினால், யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று கொண்டால், 10,000 டன்னுக்கு மேல் நிலக்கரி எரியும். அதில் 3,500 முதல் 4,000 டன் வரை சாம்பலாகும். இது முழுவதும் கழிக்குப் போகிறது என்று சொல்லவில்லை. பெரும்பகுதி சிமென்ட் ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் சாம்பல் குளத்துக்கும் போகும். ஆனால் சாம்பலை நீரில் குழைத்துக் குழாய் வழியே குளத்துக்கு அனுப்பும் முறையில், குழாய் உடையும்தோறும் குழம்பு நேராகக் கழியில் இறங்குகிறது. செப்பாக்கம் போன்ற ஊர்கள் சாம்பல் குளத்தின் ஓரத்தில் வாழ்கின்றன. ஒரு கழிப்படுகை இயல்பாக ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயரும். குழாய் உடைந்த ஒரு வாரம் அதைப் பல ஆண்டுகளுக்கு முன்தள்ளிவிடும். ஆள் ஆழம் இருந்ததாக மீனவர்கள் நினைவுகூரும் இடங்களில் இன்று கணுக்கால் நனைகிறது.

சாம்பலையும் சேற்றையும் குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. துகள் அளவில் சாம்பலும் நுண்வண்டல் வகையே. தொலைவிலிருந்து, அல்லது செயற்கைக்கோள் படத்தில், இரண்டும் சாம்பல் நிறச் சமவெளிதான். கைப்பிடியில் எடுக்கும்போதுதான் வேற்றுமை தெரியும். களித்துகள் தகடு, மின்னேற்றம் உள்ளது, நீரையும் சத்தையும் பிடித்துவைக்கும், ஒன்றோடொன்று ஒட்டும். சாம்பல்துகள் உருண்டை, ஒட்டாது, உயிர்ப்பொருளும் நைட்ரஜனும் அதில் ஏறத்தாழ இல்லை. சில உருண்டைகள் உள்ளீடற்றவை. நீரில் வெண்ணுரைபோல் மிதக்கும். நனைந்த சாம்பல்படுகை கெட்டியாகத் தோன்றும். கால்வைத்து அசைத்தால் நீராக இளகி உள்ளிழுக்கும். காய்ந்தால் காற்றில் எழும்பி வீட்டுத் திண்ணையில் படியும். திரிசோதனையில் முதல் பிடி உதிர்ந்ததன் காரணம் இந்த உருண்டைகள்தான்.

சாம்பலுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதையும் நேர்மையாக எடைபோட வேண்டும். அமிலத்தன்மையுள்ள செம்மண்ணிலோ ஈரம் நில்லா மணலிலோ சிறிதளவு சாம்பல் கலந்தால் ஈரப்பிடிப்பு கூடும். போரான், பொட்டாசியம் போன்றவை கிடைக்கும் என்று இந்திய வேளாண் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உழவுநிலத்தில் அளவறிந்து கலப்பது ஒன்று. ஓதச்சேற்றின் மேல் கனமாகப் படுகைபோட்டு மூடுவது வேறு. கண்ணாடி என்பதால் சாம்பல் எதனோடும் வினைபுரியாது என்ற வாதமும் முழு உண்மை அன்று. உருண்டைகளின் மேற்பூச்சில் ஒட்டியிருக்கும் ஆர்செனிக், செலினியம், போரான், குரோமியம் ஆகியவை நீரில் கசியக்கூடியவை. அதிலும் காற்றில்லாச் சூழலில், இரும்பு ஆக்சைடோடு ஒட்டியிருந்த ஆர்செனிக் விடுபடும். ஆகக் கறுப்புச்சேறு சில உலோகங்களைப் பூட்டும்; மேலே படிந்த சாம்பல் வேறு சிலவற்றைத் திறந்துவிடும். இரண்டையும் சேர்த்து ஒரே வாளியில் அள்ளிச் சராசரி எடுக்கும் பரிசோதனை எதையும் சொல்லாது.

அண்மையில் மூன்றாவது ஓர் அடுக்கும் சேர்ந்திருக்கிறது. காக்கா ஆழி என்று மீனவர்கள் அழைக்கும் தென்னமெரிக்கச் சிப்பியினம் ஒன்று கழியின் தரையில் பாய் விரித்ததுபோல் பரவி, சேற்றை மூடிவிடுகிறது. கப்பல்களின் நிலைநீரோடு வந்திருக்கும் என்பது பொதுவான கருத்து. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் சுத்திகரிப்பு வளாகத்திலிருந்து வந்த எண்ணெய் கழிக்கரையிலும் வீட்டுச் சுவர்களிலும் படிந்தது. காற்று எட்டாத சேற்றுக்குள் இறங்கிய எண்ணெய் மெல்லத்தான் சிதையும். இனி இங்கே குழாய் இறக்கி மண்கூறு எடுப்பவருக்குக் கறுப்புச்சேறு, சாம்பல், எண்ணெய்க்கறை, சிப்பியோடு என்று ஒரு தொழில்வரலாறே அடுக்கடுக்காகக் கிடைக்கும்.

7. சட்டத்தின் கண்ணில் மண்

நிலக்கரிச் சாம்பல் பற்றிய மத்திய அரசின் முதல் அறிவிக்கை 1999 செப்டம்பரில் வந்தது. அதன் தொடக்க நோக்கம் மேல்மண்ணைக் காப்பது. செங்கல்லுக்காக வயல்மண்ணை வெட்டி எடுப்பதைக் குறைக்க, அனல் மின்நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்பவர்கள் குறைந்தது 25 விழுக்காடு சாம்பல் கலக்க வேண்டும் என்றது. நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த விதியின் மனத்தில் மண் என்றால் வயல்மண். வயலைக் காக்க எழுந்த சட்டத்தின் நிழலில் கழிச்சேறு சாம்பலுக்கு அடியில் போனது. 2021 டிசம்பரில் வந்த புதிய அறிவிக்கை முழுச் சாம்பலையும் பயன்படுத்த வேண்டும், தவறினால் இழப்பீடு கட்ட வேண்டும் என்கிறது. ஏற்கெனவே சேற்றின் மேல் படிந்ததற்கு அதில் நேரடியான விடை கிடைக்கவில்லை.

கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை சேற்றுப்படுகையைக் காக்கிறது. 2011-ஆம் ஆண்டு அறிவிக்கையில் அலையாத்தி, மணல்மேடு, உவர்ச்சதுப்பு ஆகியவற்றோடு சேற்றுப்படுகையும் சூழல் நுண்ணுணர்வு மிக்க பகுதிகளின் பட்டியலில் உண்டு. ஆனால் ஓர் அடைமொழியோடு: ‘உயிர்ப்புள்ள’ சேற்றுப்படுகை. இந்த அடைமொழியில் ஓர் ஆபத்து ஒளிந்திருப்பதாக நான் வாசிக்கிறேன். உயிர்ப்புள்ள சேற்றை முதலில் சாம்பலால் மூடி உயிர்ப்பை அடக்கிவிட்டால், பிறகு வரைபடம் எடுப்பவரின் கண்ணுக்கு அங்கே காக்க வேண்டிய எதுவும் தெரியாது. கொட்டியதே கொட்டியதற்கு உரிமைச்சீட்டாகிவிடும்.

2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, கழியில் சாம்பல் சேர்ந்ததற்கு மாநில அரசின் மின் நிறுவனமான டான்ஜெட்கோவைப் பொறுப்பாக்கிச் சீரமைப்புக்கு வழிசெய்தது. எண்ணூர் மீனவர்களின் நெடுங்காலப் போராட்டத்துக்குக் கிடைத்த பெரிய ஒப்புதல் அது.

8. பெயரிடுவதா, அகற்றுவதா?

மண்ணியலாளர் ஹான்ஸ் ஜென்னி 1941-இல் வெளியிட்ட நூலில் மண் உருவாக ஐந்து காரணிகளைச் சொன்னார்: பருவம், உயிரினங்கள், நில ஏற்ற இறக்கம், தாய்ப்பொருள், காலம். எண்ணூரில் பருவத்தைத் தவிர மற்ற நான்கையும் தொழிற்சாலை நேரடியாக மாற்றிவிட்டது. தாய்ப்பொருள் தால்சேரிலிருந்து வருகிறது. ஏற்ற இறக்கத்தைத் தூர்வாரும் கப்பலும் கருங்கல்லும் தீர்மானிக்கின்றன. தரையின் உயிரினம் கப்பலோடு வந்தது. பல ஆண்டு வேலை ஒரு வாரத்தில் முடிகிறது.

இத்தகைய நிலத்துக்கு உலக மண் வகைப்பாட்டில் 2006-இல் ஒரு தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது: ‘டெக்னோசால்’. மேலிருந்து ஒரு மீட்டருக்குள் ஐந்தில் ஒரு பங்கேனும் மனிதர் செய்த பொருள் இருந்தால் அது டெக்னோசால். ஆலைக்கழிவு மிகுந்திருந்தால் அதற்குள் ஓர் உட்பிரிவும் உண்டு. சாம்பல் மூடிய கழிப்படுகை இந்த வரையறைக்குள் எளிதாக வந்துவிடும்.

இதற்கு எழும் எதிர்ப்பு நியாயமானது. கழிவை மண் என்று பெயரிட்டால், அது அங்கேயே இருக்க வேண்டியதாகிவிடாதா? வேலிகாத்தான் முளைத்த சாம்பல்மேட்டைக் காட்டி, இதோ பசுமை வந்துவிட்டது என்று சொல்பவர்களுக்கு அறிவியலே சான்றிதழ் கொடுத்ததாகாதா? இந்த அச்சம் எனக்கும் உண்டு. ஆனாலும் பெயரிட வேண்டும் என்றே முடிவுக்கு வருகிறேன். பெயரில்லாத கழிவுக்கு ஆழமும் எல்லையும் இல்லை. வகைப்படுத்திய மண்ணுக்கு அடுக்கும், ஒவ்வோர் அடுக்குக்கும் தடிமனும், அடுக்குகளுக்கு இடையே ஒரு கோடும் எழுதியாக வேண்டும். சீரமைப்புக்குத் தேவைப்படுவது அந்தக் கோடுதான்.

ஏனென்றால் இயந்திரத்தால் ஒரே ஆழத்துக்கு வாரினால் சில இடங்களில் சாம்பல் மிஞ்சும். சில இடங்களில் அடியிலிருக்கும் கறுப்புச்சேறும் சேர்ந்து மேலே வந்து காற்றுபட்டு அமிலமாகி, அடைத்துவைத்திருந்த உலோகத்தை விடுவிக்கும். வாருவதற்கு முன் கழி முழுக்கக் குறுகிய இடைவெளியில் குழாய் இறக்கி, சாம்பல் எங்கே முடிகிறது என்று ஒவ்வோரிடத்திலும் அளக்க வேண்டும். வாரியதை எங்கே போடுவது, காயாமல் எப்படி வைப்பது என்பதையும் முன்பே முடிவுசெய்ய வேண்டும். அளக்கும் குழுவில் வேதியியலாளரோடு, சேற்றை விரலால் அறிந்தவர்களும் சம்பளத்தோடு இருக்க வேண்டும்.

நான் எடுத்த இரண்டாவது பிடியைக் கரையில் கழுவியபோது உள்ளே ஒரு மட்டி கிடைத்தது. செத்து நாளான மட்டிகளின் ஓடு அலையில் புரண்டு இரண்டாகப் பிரிந்துபோகும். இது பிரியவில்லை, இரண்டு இதழும் மூடியபடி, உள்ளே கறுப்புச்சேறு நிறைந்து இருந்தது. இருந்த இடத்திலேயே புதைந்தது என்பதற்கு அதுவே அடையாளம். மேலே கிடந்த சாம்பலின் கனத்தை என் கையாலேயே அளந்து குறித்துக்கொண்டேன்: விரல்நுனியிலிருந்து முழங்கை வரை.